இரண்டாவது சீல்

முதலில் ஐம்பது பைசா நாணயத்தின் அகலம்.
அடுத்த வாரம் குபூஸ்.
அதற்கடுத்த வாரம் வீட்டுக்காரர் கமீஸ்
படம் எடுத்து அனுப்பினார்,
சலாம் சொல்லி, கீழே ஒரு கேள்விக்குறி.
அவருடைய வெள்ளைத் தரைக்கல்லில்
எங்கள் பழைய பேட்ரோல் ஒழுகிக்கொண்டிருந்தது.

சொஹார் தொழிற்பேட்டையில் கராஜ்காரர்
குனிந்துகூடப் பார்க்கவில்லை.
டிஃபரன்ஷியல் சீல், முப்பத்தைந்து ரியால்.
சீல் மட்டும்?
ஒன்று எண்ணூறு.
மீதி முப்பத்து மூன்று இருநூறை
எனக்கு நானே கூலியாகக் கொடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட். வெள்ளி. விடிகாலை நாலரை.
ஏழு மணிக்கு மேல் அந்தக் கல்லில்
முதுகு வைக்க முடியாது.
ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தேன்.
இன்பராஜின் துறைமுகச் சட்டை எனக்கு முழங்கால் வரை.
இரண்டு ஸ்டாண்டின் மேல் இரண்டு டன் இரும்பு;
மூன்று முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான்
உள்ளே தலையை விட்டேன்.

எது எதோடு சேர்ந்திருந்தது என்று மறக்காமலிருக்க
ஷாஃப்ட்டின் குறுக்கே நகச்சாயத்தால் ஒரு கோடு.
தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்பு.

நான்கு போல்ட். மூன்று சொன்ன பேச்சு கேட்டன.
நான்காவது எங்கள் மேனேஜர் மாதிரி:
தட்டினால் அசையாது, திட்டினால் அசையாது,
எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும்.

நடுநட்டைக் கழற்றும்போது வாய்விட்டு எண்ணினேன்.
பதினொன்றரைச் சுற்று.
திரும்ப அதே பதினொன்றரை,
அதே கோடு, அதற்குமேல் ஒரு மயிரிழை.
கூடினாலும் குறைந்தாலும் பேரிங் போச்சு.

பிறகு அந்த நாற்றம்.
அழுகிய முட்டையைத் தீக்குச்சியில் வாட்டியது போல.
மூன்று முறை ஷாம்பு போட்டும்
ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில்
பக்கத்து மேசை லுப்னா ஸ்பிரே அடித்தாள்.

பழைய சீலின் உதடு தேய்ந்திருந்தது.
புதியதைப் பிவிசி சாக்கெட் வைத்து
சுற்றிச் சுற்றித் தட்டினேன்.
கெச்சப் பாட்டிலால் எண்ணெய் ஏற்றினேன்.
துளையில் வழிந்தால் போதும் என்று அர்த்தம்.
சம்பளத்துக்கு அப்படி ஒரு துளை இல்லை.

பத்து நாள் தரை காய்ந்து கிடந்தது.
பதினொன்றாம் நாள் ஐம்பது பைசா.
கமீஸின் படம் வந்தது, இந்த முறை சலாம் இல்லாமல்.

கடைக்காரரைத் திட்டினேன், போலிச் சரக்கு என்று.
என் கணக்கைத் திட்டினேன்.
அந்த மயிரிழையை இரவெல்லாம் யோசித்தேன்.
நாலு இருநூறுக்கு இன்னொரு சீல், அசல் பெட்டியில்.
மறுபடி வெள்ளி, மறுபடி அட்டை.

இரவு வேலை முடிந்து இன்பராஜ்
யூனிஃபார்மோடு குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்தார்.
முதல் போல்ட்டில் ஸ்பேனர் வைக்கிறேன்,
வெளிச்சம் நழுவுகிறது.
உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.
டார்ச் சாய்ந்து, நான் பார்க்கவே காரணமில்லாத
மேல்பக்கத்தில் விழுந்தது.
கிளிப்பிலிருந்து கழன்று தொங்கும் சின்ன ரப்பர் குழாய்.
அதன் வாய் நிறைய மண்.
பூசி, மெழுகி, விளிம்பு வைத்த மண்.

ஓடி ஓடிச் சூடானால் உள்ளே காற்று பெருக்கும்.
மேலே போக வழியில்லை.
பாவம் சீல், அது எத்தனை நாள்
வாயை மூடிக்கொண்டிருக்கும்?

ஹேர்பின்னால் குடைந்தேன்.
முகத்தில் மண் உதிர்ந்தது, பிறகு
சுருண்ட ஒரு பச்சைப் புழு.
செத்ததும் இல்லை, இருப்பதும் இல்லை.

என்ன என்றார், கண்ணைத் திறக்காமல்.
குளவிக்கூடு.

வீட்டில் குளவி கூடு கட்டினால்
பிள்ளை பிறக்கும் என்பார்கள் எங்கள் பக்கம்.
எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம்.
உங்கம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றேன்.
டிஃபரன்ஷியலில்தானே கட்டியிருக்கிறது என்றார்.
நான் சிரித்தேன், அண்ணாந்து, வாய் திறந்து;
ஒரு சொட்டு சரியாக அப்போது விழுந்தது.
துப்பிவிட்டு மறுபடி சிரித்தேன்.

குழாயை உயரத் தூக்கிக் கட்டினேன்,
வாயில் டீ வடிகட்டியின் வலை.
இரண்டாவது சீல் இன்னும் பிரிக்காமல்
டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது.

கல் கொதிக்கத் தொடங்கிய நேரம்
அது வந்தது, தாடையில் ஈரமண் உருண்டையோடு.
பின்சக்கரத்தருகே மூன்று சுற்று,
இன்னும் ஒரு சுற்று.
பிறகு நேரே போயிற்று
கமீஸின் ஏசி பெட்டிக்கு.